கம்பியில் கோத்த தபால்கள்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

வேலூர் மண்டித் தெருவில் கடையைக் காலி செய்யும் ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு கம்பி நிறையப் பழைய தபால் கார்டுகள் வாங்கினேன். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி. வரும் கடிதத்தைப் படித்தவுடன் நடுவில் குத்தி இறக்கிவிடுவார்கள். தபால்தலை சேகரிப்பவர்கள் அந்த ஓட்டையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கோ ஓட்டைதான் முக்கியம். குத்திய வரிசைதான் கடிதங்கள் வந்த வரிசை. பெரியவர் தூசி தட்டித் தருவதற்காகக் கார்டுகளை உருவப் போனார். "வேண்டாம் ஐயா, கம்பியோடு கொடுங்கள்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்லவேளை, விலையைக் கூட்டவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை முழுவதும் ஒரே கார்டில் போயிற்று. ஆரணி அரிசி வியாபாரி எழுதியது. பிள்ளையார் சுழி, துந்துபி வருஷம் ஆவணி மாதம், மூட்டை விலை. முத்திரையில் ஊரும் நாளும் தெரிகின்றன, ஆண்டு அழிந்துவிட்டது. துந்துபியோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். கார்டே விடை சொல்கிறது: ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட கால் அணா கார்டு, பக்கத்தில் இன்னொரு கால் அணாத் தபால்தலை. 1879-இல் கால் அணாவுக்கு வந்த கார்டு, 1922 ஏப்ரலில் அரை அணாவாக உயர்ந்தது. கையிருப்பில் இருந்த பழைய கார்டில் கூடுதல் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். துந்துபி பிறந்ததும் அதே ஏப்ரலில்தான்.

மாலையில் வந்த நண்பர், "தலையை நனைத்து எடுத்தால் ஆல்பத்தில் ஒட்டலாமே" என்றார். அந்தக் கால் அணாத் தலை எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆரணி முத்திரைக்கு மறுநாளே வேலூர் முத்திரை. எந்த வழியாக வந்தது? அரசு நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்களை விரித்தேன். அன்றைய வட ஆற்காடு, வரைபடப் பிரியர்களின் பர்ஸைக் காலி செய்யும் மாவட்டம்; ஊர்கள் பல தாள்களில் சிதறிக் கிடக்கும். வேலூர் 57 பி (P) தாளில். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி 57 எல் தாளில். 1911 வரை மாவட்டத் தலைநகராக இருந்த சித்தூர் 57 ஓ தாளில். ஆரணியாவது வேலூரோடு ஒரே தாளில் இருக்கிறது.

இந்தத் தாள்களில் சிவப்பிட்ட இரட்டைக் கோடு கப்பிச் சாலை. ஊர்ப் பெயருக்கு அருகில் பி.ஓ. என்றிருந்தால் தபால் நிலையம், பி.டி.ஓ. என்றால் தந்தியும் உண்டு. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்தால், இடைப்பட்ட காலத்தில் எந்தக் கிராமத்துக்குத் தபால் நிலையம் வந்தது என்று பிடித்துவிடலாம்.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாகச் சாலையும் வருகிறது, ரயிலும் வருகிறது. ஆனால் ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். நம் பக்கத்தில் இது வழக்கம்: 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற வாலாஜா ரோடும் ஊருக்கு வெளியேதான், குடியாத்தம் ஸ்டேஷனும் அப்படியே. தபால் பை முதலில் சாலையில் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் கார்டின் கடைசி வரி படிந்து வந்தது: "களம்பூர் ரயிலுக்குச் சேரும்படி இன்றே போட்டிருக்கிறேன்." வழி தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

வியாபாரி ஒருவர், 2006-இல் வந்த வேலூர்ப் புரட்சித் தபால்தலையின் முதல் நாள் உறையை, அதாவது வெளியீட்டு நாள் முத்திரை குத்திய உறையை, காட்டினார். அழகுதான், ஆனால் அந்த உறை எந்த ஊருக்கும் போனதில்லை. இந்தியா உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்த 1876-க்கு முன், இங்கிருந்த அமெரிக்கப் பாதிரிமார்களான ஆற்காடு மிஷன்காரர்கள் அமெரிக்காவுக்கு எழுதிய உறை இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். விலை சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

துரு ஓட்டையைச் சுற்றிக் காகிதத்தை அரிக்கிறது. இனியும் கம்பியில் விடக்கூடாது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூலையில் பென்சிலால் எண் போட்டு, மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் வைத்தேன். பி.வி.சி. உறை மலிவு, ஆனால் நாளடைவில் கார்டில் ஒட்டிக்கொள்ளும்.

வரிசை கலையாததன் பலன் இன்று கிடைத்தது. ஆரணிக்காரரின் அரிசிக் கார்டுக்குச் சற்று மேலே, அவருடையதே இன்னொன்று: மூட்டைக்குரிய பாக்கியை அனுப்பும்படி பணிவாக. அதற்கும் மேலே மற்றொன்று, பணிவு குறைவாக. பெரியவரின் பேரன் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டிருக்கிறார். பாக்கிக் கார்டுகளையும் சேர்த்தே அனுப்பப் போகிறேன்.