அம்மா குடுத்த இருமல் சிரப்பு

இங்கிலாந்து வந்தப்புறம்தான் ரக்பி ஆட ஆரம்பிச்சேன், ஆனா வீசிங் ஊர்லேர்ந்தே கூட வந்தது. ஜனவரி மாசம் குளிர்ல நாலு தடவ ஓடி டேக்கிள் பண்ணா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கும். அதனால கிட் பேக்ல மவுத்கார்டு பக்கத்துலயே நீல இன்ஹேலர், மேட்சுக்கு முன்னாடி ரெண்டு பஃப்.

"அது டோப்பிங் இல்லயாடா?"ன்னு டீம்ல ஒருத்தன் கேட்டான். நீல இன்ஹேலர்ல இருக்கிற மருந்து பேரு சால்பியூட்டமால். அத இன்ஹேலர்ல இழுத்தா ஓகே, ஆனா வாடா, அதாவது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, போட்ட கணக்கு இருக்கு. 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம், அதுலயும் எந்த 8 மணி நேரத்துலயும் 600 தாண்டக்கூடாது. ஒரு பஃப் 100, அப்ப 8 மணி நேரத்துக்கு ஆறு பஃப். ஆனா அட்டாக் வந்தா ஸ்பேசர் (இன்ஹேலர் வாயில மாட்டுற குழாய்) வச்சு 10 பஃப் வரைக்கும் போகலாம்னு சொல்லிக் குடுக்குறதும் இதே ஊர் டாக்டர் தான், நெபுலைசர்ல வச்சா ஒரே தடவ 5000 மைக்ரோகிராம் உள்ள போயிடும். அதுக்குன்னு மூச்சு முட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா, முதல்ல உயிர பாருங்க, அப்புறம் ஆஸ்பத்திரி பேப்பரோட டி.யூ.இ.க்கு, அதாவது தடை மருந்த சிகிச்சைக்காக எடுத்துக்க குடுக்குற அனுமதிக்கு, அப்ளை பண்ணலாம், அவசர சிகிச்சைன்னா பின்னாடி கேக்குறதுக்கும் ரூல்ல இடம் இருக்கு.

நான் கிட்டத்தட்ட மாட்டுனது இன்ஹேலர்ல இல்ல. போன தடவ ஊருக்குப் போயிட்டு வரும்போது அம்மா ஒரு இருமல் சிரப்ப துணிக்குள்ள சுத்தி பெட்டியில வச்சுட்டாங்க, "ரெண்டு மூடி குடி, சளி கரைஞ்சிரும்"னு. வெள்ளிக்கிழமை நைட்டு இருமல் தாங்கல, மூடியில ஊத்திட்டேன், சனிக்கிழமை மேட்ச். என்னமோ தோணி லேபிள பாத்தா பொடி எழுத்துல ப்ரோம்ஹெக்சின், குவைஃபெனிசின், டெர்ப்யூட்டலின். கடைசி ஆள் டெர்ப்யூட்டலின் வாடாவோட தடை லிஸ்ட்ல இருக்கான், எந்த ரூபத்துலயும் கூடாது, மேட்ச் இல்லாத நாள்ல கூட! நம்மூர்ல பாதி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல நிக்கிற காம்பினேஷன் இது. சால்பியூட்டமால் மாத்திரையும் அப்படித்தான், இன்ஹேலர்ல ஓகேன்னா வாய் வழியாவும் ஓகேன்னு நினைக்காதீங்க, அது எப்பவுமே தடை.

சைக்கிள் ரேஸ் ஆளு கிறிஸ் ஃப்ரூம் 2017ல ஸ்பெயின் வுவெல்டா ரேஸ்ல சால்பியூட்டமால் அளவு ஜாஸ்தின்னு மாட்டி, கேஸ க்ளோஸ் பண்ண அடுத்த வருஷம் ஜூலை ஆச்சு. அவருக்கு வக்கீல் இருந்தாங்க, எனக்கு அம்மாதான் இருக்காங்க.

மூடியில ஊத்துனத சிங்க்ல கொட்டிட்டு வெந்நீர்ல தேன் போட்டு குடிச்சேன். மறுநாள் போன்ல அம்மா, "சிரப்பு கேட்டுச்சா?"

"ம், இருமல் நின்னுடுச்சும்மா"ன்னேன்.