கழுத்தில் கை போடக் கூடாது என்று சொன்ன பிறகு

ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் உள்ளவர்களின் வீடுகளில் நான் சொல்லித்தருபவற்றில் கறாராகச் சொல்வது ஒன்று உண்டு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, நோயாளியின் கைகளைத் தூக்குபவரின் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் அழிவதால் தோள்பட்டைத் தசைகள் மெலிந்து, மூட்டைப் பிடித்து நிறுத்த அதைச் சுற்றியுள்ள நார்களே மிஞ்சுகின்றன. அந்தக் கையில் எடை தொங்கினால் மூட்டு நழுவும். பாதி வழியில் நோயாளியின் முழங்கால் மடிந்துவிட்டால், அவருடைய எடை முழுவதையும் தூக்குபவரின் கழுத்து முள்ளெலும்புகள் தாங்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவருக்கு இருவராகப் படுத்துவிடுவார்கள். இந்த விதியில் எனக்கு ஐயம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த பதிலையும், அதன் பிறகு ஒரு மாலையில் நான் பேசாமல் இருந்ததையும் இன்னும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

அந்த வீட்டு நோயாளி தையல்காரர். கத்திரி பிடிக்கும் வலக்கையில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை வற்றியதுதான் தொடக்கம். காஜா எடுக்க முடியாமல் போனதைப் பார்வைக் கோளாறு என்று எண்ணி, முதலில் கண்ணாடியை மாற்றியிருக்கிறார். நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியபோது இரண்டு கைகளும் தோளிலிருந்து வெறுமனே தொங்கின. கால்கள் விறைத்திருந்தன, ஆனால் அந்த விறைப்பே அவரைச் சில நொடிகள் நிற்கவைக்க உதவியது. பேச்சு குழறினாலும் பொறுமையாகக் கேட்டால் புரிந்தது.

உடையைப் பற்றி நான் சொல்ல நினைத்ததில் பாதியை அவரே முந்திக்கொண்டார். பலவீனமான கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று நான் தொடங்கியதும், “எனக்கு ரெண்டு கையும் அப்படித்தானே தம்பி, முதுகைத் திறந்துட வேண்டியதுதான்” என்றார். மனைவியைத் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, தன் பழைய அரைக்கைச் சட்டைகளின் முதுகை நடுவில் வெட்டச் சொல்லி, இரண்டு ஓரங்களும் நான்கு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி துணி சேர்த்துத் தைக்க வைத்தார். முன்பக்கத்தில் பொத்தான்கள் பார்வைக்கு அப்படியே இருந்தன. முன்னாலிருந்து இரண்டு கைகளையும் நுழைத்து, பின்பகுதிகளை இருபுறமும் முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டால் போதும், அவரை எழுப்ப வேண்டியதே இல்லை. முதுகில் வெல்குரோ வைக்கலாமா என்று மனைவி கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது சரியான முடிவு. இந்த நோய் தொடு உணர்வைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. துணியின் ஒரு சுருக்கமோ, தடித்த தையல் ஓரமோ உறுத்தினால் அது முழுதாகத் தெரியும். ஆனால் அரை அங்குலம் நகர்ந்து உட்கார முடியாது. அக்குள் பகுதியில் சதுரமாக ஒரு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைக்கச் சொன்னதும் அவர்தான். அதன் பிறகு தோளை அதிகம் உயர்த்தாமலேயே கை உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு நான் போன வீடுகளிலெல்லாம் இந்தச் சட்டையைத்தான் சொல்லி வருகிறேன்.

வேட்டியை மட்டும் அவர் விடவில்லை. இடுப்பின் முன்பக்கம் வெல்குரோ வைத்த வேட்டிக்கு ஒப்புக்கொண்டார். வழுவழுப்பான துணி நாற்காலியில் உட்காரும்போது இடுப்பை முன்னே சறுக்கவிடும் என்பதால் பகலுக்குப் பருத்தி என்றும், புரட்டிப் படுக்கவைக்க எளிதாக இரவில் கட்டிலின் நடுவே குறுக்காக ஒரு சாட்டின் துணி என்றும் பிரித்துக்கொண்டோம். மல்லாக்கக் கிடத்தி உடுத்துவதை நிறுத்தச் சொன்னேன். உதரவிதானம் தளர்ந்துவரும் ஒருவருக்குத் தட்டையாகப் படுப்பதே மூச்சு முட்டும் காரியம். தலைப்பக்கத்தை உயர்த்திவைத்துக்கொண்டு, ஒருக்களித்துத் திருப்பி வேட்டியை விரித்துச் சுற்றிக்கொள்ளலாம். இந்த வேலைகள் எதிலும் அவருடைய விரல் அசையவில்லை. ஆனாலும் செய்தவர் அவர்தான் என்றே நான் சொல்வேன்.

ஆளை மாற்றும் வேலையில் அப்படி இல்லை. அந்த அம்மா குனிந்து, அவர் கைகளைத் தன் தோள்களின் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு, வேட்டியின் இடுப்பைப் பற்றி ஒரே மூச்சில் எழுப்புவார். அவரால் விரல்களைக் கோத்துக்கொள்ள முடியாது. மனைவியின் பிடரிக்குப் பின்னால் மணிக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். வெல்குரோ வேட்டியைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும் என்பதையும் எண்ணி, நான் இடுப்புப் பட்டை ஒன்றைக் கொண்டுபோனேன். நாற்காலியைக் கட்டிலோடு சாய்வாக ஒட்டி நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டி, பாதம் வைக்கும் தட்டுகளை விலக்கி, அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துவைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வருமளவு முன்னே சாய்த்து, தன் முழங்கால்களால் அவர் முழங்கால்களுக்கு அணைகொடுத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் பட்டையைப் பற்றி எழுப்பித் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினேன். பிறகு, “கையை மடியில வச்சுக்கலாம் ஐயா” என்றேன்.

அவர் நேரமெடுத்துச் சொன்னார்: “இவ எழுப்பறப்ப நான் புடிச்சுக்கறேன். நான் செய்யறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா மூட்டைதான் தம்பி.”

அவர் பிடிக்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். நான் வாய்திறப்பதற்குள் அந்த அம்மா, “அவரு சொல்றதைப் பாக்காதீங்க தம்பி, நீங்க சொல்லிக்குடுங்க. எனக்கும் பிடரி வலிக்குது” என்றார். அந்த வலியை அவர் அதுவரை கணவரிடம் சொன்னதில்லை என்பது ஐயா திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நான், “அம்மா படுத்துட்டா உங்களை யார் ஐயா பாக்கறது” என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். கைகளை எடுத்து மடியில் வைத்தோம்.

அந்தக் கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தனி ஆளாக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் முதுகும் கழுத்தும் என் பொறுப்பிலும் சேர்ந்தவை. மருத்துவச் சீட்டில் அவர் பெயர் இல்லை என்பதற்காக அவருடைய வலி குறைந்துவிடாது. ஆனால் பதில் சொல்ல இடமில்லாத கேள்வி அது. பேசுவதற்கே இவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதர் ஒன்றைச் சொன்னால், அவர் மறுத்துப் பேச முடியாத ஒன்றைக் கொண்டு அதை அடைத்துவிடுவது பேச்சாகுமா என்று ஒரு பக்கம் தோன்றும். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று மறுபக்கம் தோன்றும். அவருடைய தோள் மூட்டு நழுவியிருந்தால் எழும் வலியை மாத்திரையால் அடக்கலாம், ஆனால் அந்த மூட்டைத் தாங்கும் தசையைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பயிற்சியும் இல்லை.

சில வாரங்கள் கழித்து, கழுத்துக்கு மென்பட்டை ஒன்றைக் கொடுப்பதற்காக, வழக்கமில்லாத நேரத்தில் ஒரு மாலை அங்கே போனேன். அந்த அம்மா அவரை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் பட்டை, பூட்டிய சக்கரம், முழங்காலுக்கு அணை என்று நான் சொல்லித்தந்த எல்லாமே சரியாக இருந்தன. அவருடைய கைகள் மட்டும் மனைவியின் கழுத்தைச் சுற்றியிருந்தன. அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவசரப்படவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை. உட்காரவைத்து, கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்த பிறகுதான், “வாங்க தம்பி” என்றார். நான் மென்பட்டையைப் பற்றிப் பேசினேன்.

எடையைப் பட்டை ஏற்கிறது, கைகள் சும்மா கிடக்கின்றன, ஆகவே ஆபத்து முன்பைவிடக் குறைவு என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் முழங்கால் மடிந்திருந்தால் அந்த உண்மை உதவியிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அறிந்தே ஐயா எடுத்த முடிவு அது, குறுக்கிட எனக்கு உரிமையில்லை என்று எண்ணியதுண்டு. அப்படியானால் முதல் நாள் எந்த உரிமையில் கைகளை எடுத்து மடியில் வைத்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் பின்னால்தான் தோன்றியது. அந்தப் பிடியை அவருக்கு மிஞ்சியிருந்த ஒன்றாகவே நான் கணக்கில் வைத்திருந்தேன். பிடரி வலிக்கிறது என்று சொன்ன பிறகும் அந்தக் கைகளைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டவர் அந்த அம்மாதான். அவருடைய உதவியில்லாமல் கைகள் அங்கே போயிருக்க முடியாது.

இந்த நோயில் பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகளே கிடைக்கின்றன. ஆகவே இப்படிப்பட்ட இழுபறிகள் நீடிப்பதில்லை. கால்களில் நிற்கும் வலு போனதும், தெருமுனைத் தச்சர் பிளைவுட்டில் இரண்டரை அடி நீளத்துக்கு ஓரம் மழுக்கிச் செய்துதந்த சறுக்குப் பலகை வந்தது. பலகையில் வெற்றுத் தோல் ஒட்டி இழுபடாமலிருக்க வேட்டியைச் சுருக்கமில்லாமல் தொடைக்குக் கீழ்வரை இழுத்துவிட வேண்டியிருந்தது. அதன் பிறகு வாடகைக்குத் தூக்கி இயந்திரம் வந்தது. தூக்கும் துணிக்குள் கைகள் மார்போடு மடிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஐயா எதுவும் சொல்லவில்லை.

இப்போதும் புதிய வீடுகளில் அந்த விதியைக் கறாராகவே சொல்கிறேன். சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: ஆளை நாற்காலியில் முழுதாக அமர்த்தி, சக்கரங்களைப் பூட்டி, பாதங்களைத் தட்டில் வைத்த பிறகு, எதிரே நெருங்கி உட்கார்ந்து, முழங்கைகளைத் தாங்கிக்கொண்டு, அவர் விரும்பினால் கைகளைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எடையில்லை, ஆபத்துமில்லை. சிலர் அப்படியே செய்கிறார்கள். ஒரு மகன் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு வீட்டில், கணவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் யோசனையை முழுதும் கேட்டுவிட்டு, “எழுப்பறப்ப இருக்கறதும் இதுவும் ஒண்ணில்ல தம்பி” என்றார். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. இருந்தாலும் வேறு வழி தெரியாததால் அதை நான் இன்னும் சொல்லித்தந்துகொண்டிருக்கிறேன்.