ஷிகெல்லா தடுப்பூசியும் ஒரு சர்க்கரைச் சங்கிலியும்

சீதமும் ரத்தமுமாகப் போகும் பேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, பத்திலிருந்து நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோயைத் தந்துவிடும். கியோஷி ஷிகா இதை 1897-இல் அடையாளம் கண்டார். இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் தடுப்பூசி ஒன்றுகூட இல்லை.

கிருமியின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓ-சங்கிலி என்ற சர்க்கரைத் தொடரைத்தான் நம் உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆனால் இந்தச் சங்கிலி வகைக்கு வகை மாறும். சொன்னெய் என்ற ஷிகெல்லா வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, ஃபிளெக்ஸ்னெரி என்ற இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் சொன்னெயையும், ஃபிளெக்ஸ்னெரியின் உட்பிரிவுகளான 2ஏ, 3ஏ, 6 ஆகியவற்றையும் சேர்த்து நான்கையும் ஒரே ஊசியில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

சொன்னெயில் வேலை செய்பவர்களை வாட்டுவது பிளாஸ்மிட், அதாவது கிருமியின் முதன்மை டி.என்.ஏ-வுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ வளையம். ஓ-சங்கிலிக்கான மரபணுக்கள் அதில்தான் இருக்கின்றன, ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் கிருமி அதை உதறிவிடும். காங்கோ ரெட் என்ற சாயம் கலந்த அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) சிவப்பாக வரும் காலனியை, அதாவது பிளாஸ்மிட்டை இழக்காத கிருமிக் கூட்டத்தை, மட்டும் எடுங்கள். வெள்ளைக் காலனியிலிருந்து வளர்த்தால் தேடிய சர்க்கரையே கிடைக்காது. பிளேசியோமோனாஸ் ஷிகெல்லாய்டஸ் ஓ17 என்ற கிருமியிலும் அச்சு அசலாக இதே சங்கிலி உண்டு, அங்கே அது நிலையாகவும் இருக்கும். என் கணிப்பில் அதுவே நல்ல மூலப்பொருள்.

ஓ-சங்கிலியும் லிப்பிட் ஏ என்ற கொழுப்புப் பகுதியும் சேர்ந்த மூலக்கூறுதான் லிப்போபாலிசாக்கரைடு. கிருமியிலிருந்து பிரித்தெடுத்த அதை 1% அசெட்டிக் அமிலத்தில் 100 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் சூடாக்கினால், காய்ச்சலை உண்டாக்கும் லிப்பிட் ஏ கழன்று படியும். அதை மையவிலக்கில் சுழற்றி நீக்கலாம். சூடு போதாவிட்டால் நச்சு மிஞ்சும், கூடினால் சங்கிலியே நறுங்கும். காரத்தன்மை ஏறவும் விடக்கூடாது: ஃபிளெக்ஸ்னெரி சங்கிலியிலுள்ள அசெட்டைல் குழுக்கள் உதிர்ந்துவிடும்.

வெறும் சர்க்கரைக்குக் கைக்குழந்தைகளின் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அதனால் ஒரு புரதத்தோடு அதைப் பிணைக்கிறார்கள். 1997-இல் வெளியான இஸ்ரேல் ராணுவ வீரர்கள் ஆய்வில், இப்படிச் செய்த சொன்னெய் ஊசி ஒரே டோஸில் 74% பாதுகாப்பு தந்தது. பிறகு ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது, மூன்று வயதைத் தாண்டியவர்களிடம் 71% பலித்தது, அதற்குக் கீழே பலிக்கவில்லை. நோய் அதிகம் தாக்குவதோ அந்தச் சின்னஞ்சிறுசுகளைத்தான். மனதை உறுத்தும் இடைவெளி இது.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் இன்னொரு வழியில் போகிறது. ஐந்து சர்க்கரை கொண்ட அலகு மூன்றை, அதாவது 15 சர்க்கரைகளை, வேதியியல் முறையில் கோத்து டெட்டனஸ் டாக்ஸாய்டு என்ற, நச்சு நீக்கிய புரதத்துடன் ஒரு முனையில் மட்டும் பிணைக்கிறார்கள். இதில் கிருமி வளர்ப்பே இல்லை, லிப்பிட் ஏ கலக்கவும் வழியில்லை. சங்கிலியின் மறுமுனை, கிருமியின் மேல் இருப்பதைப் போலவே, கட்டற்று நீட்டி நிற்கும்.