ஊழியம்: வாசல் பலகைக்கு எழுதிய நான்கு வரி

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் நான்கு வரி, கல்லூரியின் நோக்கமாம். "சார், இதைத் தமிழ்ல எழுதிக் கொடுங்க. வாசல்ல பலகை வைக்கணும். நாளைக்கு பெயிண்டர் வருவார்" என்றார். தமிழ்த்துறைக்காரனுக்கு இதெல்லாம் பழகிய வேலை. அழைப்பிதழ், இரங்கல் தீர்மானம், ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்துமடல், கேண்டீன் விலைப்பட்டியல் என்று எல்லாம் நம் மேசைக்குத்தான் வரும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் ஆகிவிட்டது.

சிக்கியது முதல் வரியிலேயே. 'கிறிஸ்தவ விழுமியங்களில் வேரூன்றிய' என்பது வரைக்கும் சுகமாகப் போனது. அடுத்து லிபரல் ஆர்ட்ஸ். அகராதியைத் திறந்தால் 'தாராளக் கலைகள்' என்கிறது. தாராளம் என்றால் எங்கள் ஊரில் கல்யாண வீட்டுப் பாயசம்தான் நினைவுக்கு வரும். 'பொதுக்கல்வி' என்றால் நியாயவிலைக் கடை வாடை அடிக்கிறது. 'கலை அறிவியல்' என்று தமிழ்நாடு முழுக்கக் கல்லூரி வாசல்களில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அது என்ன படிப்பு என்பதைச் சொல்கிறதே தவிர, எதற்கு என்பதைச் சொல்வதில்லை.

லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் 'சுதந்திரமானவன்' என்பது. அடிமையாக இல்லாத ஒருவன் கற்கத் தகுந்தவை என்று சிலவற்றைப் பிரித்து வைத்தார்கள். இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்று மூன்று. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று நான்கு. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்பு இந்த ஏழில்தான் தொடங்கியது. கையால் செய்கிற வேலை எல்லாம் வேறு கணக்கு. அது அடிமைக்கும் கூலிக்காரனுக்கும். ஆக, 'இது வேலை செய்து பிழைக்க வேண்டாதவன் படிப்பு' என்ற மேட்டிமை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேரள எல்லையில், ரப்பர் தோட்டங்களுக்கும் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் ஒரு கல்லூரியின் வாசலில் எழுத வேண்டும்.

கடைசி வரியில் 'சர்வீஸ்' என்று இருந்தது. அதற்கு யோசிக்கவே இல்லை. ஊழியம். சபைக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல். எழுதிவிட்டு அதையே வெறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கிறிஸ்தவன் இல்லை. கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கம், சாமித்தோப்புப் பதிக்குப் போகிற அய்யாவழிக் குடும்பம். எங்கள் வீட்டில் ஊழியம் என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. பாட்டி கோபத்தில் யாரையாவது திட்ட வேண்டும் என்றால், "நான் என்ன ஒனக்கு ஊழியம் செய்ய வந்தவளா?" என்பாள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஊழியம் என்றால் சர்க்காருக்கும் கோயிலுக்கும் கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. உப்பு சுமப்பது, ஓலை கொண்டு கொடுப்பது, வேலி கட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். எந்தச் சாதி செய்ய வேண்டும், எது செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் வரைமுறை இருந்தது. கூலிக்கு மட்டும் கிடையாது. ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, ரெசிடெண்டாக, மன்றோ இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் சொந்த நாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பாட்டி மாதிரி ஆட்களுக்குத்தான் புரியும்.

கட்டாய வேலைக்கு இருந்த அதே சொல்லை, மனமொப்பிச் செய்யும் இறைப்பணிக்கும் இந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் வாயில் வைத்துக்கொண்டார்கள். விவிலியத் தமிழ் வழியாக வந்த பழக்கம்தான், யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் முப்பது வருடம் தமிழ் நடத்தியவனுக்கு அந்தச் சொல் முழித்துப் பார்ப்பது மாதிரி இருந்தது.

இந்தப் பக்கத்துக் கல்வியின் கதையும் அந்த ஊழியத்துக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். பின்னால் வந்த மீட் நாகர்கோவிலை மையமாக்கிக்கொண்டார். அவர் காலத்தில் தொடங்கிய செமினரிதான் வளர்ந்து 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியானது. பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார்கள். லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்கள் அப்போது இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களுக்கு மேலுடம்பை மறைக்க அனுமதி தந்த அரசாணை 1859. இலக்கணமும் வடிவியலும் சுதந்திரமானவன் படிப்பு என்று ஐரோப்பாவில் எழுதி வைத்ததை, இங்கே சுதந்திரம் கிடைக்காத பிள்ளைகளுக்கே முதலில் கொடுத்துவிட்டார்கள். சொல்லின் மேட்டிமை அங்கே தலைகீழானது.

மிஷனரிகளைத் தேர் மேல் ஏற்றிக் கும்பிட எனக்கு ஆசை இல்லை. அவர்களுக்கு உபதேசியார்கள் தேவைப்பட்டார்கள், ஆங்கில அரசுக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். மதம் மாற்றும் நோக்கம் இருந்ததை அவர்களே மறைத்ததில்லை. ஆனால் அவர்களுக்குள்ளேயே இதைப் பற்றிச் சண்டை இருந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் நீண்ட காலம் முதல்வராக இருந்த வில்லியம் மில்லர், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது கல்லூரியின் வேலை அல்ல, நல்ல எண்ணங்கள் சமூகத்தில் பரவினால் போதும் என்ற கட்சி. அதற்காக அவருக்குக் கிடைத்த திட்டும் கொஞ்சமல்ல. 1931இல் லிண்ட்சே தலைமையிலான குழு இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, பல்கலைக்கழகத் தேர்வு இந்தக் கல்லூரிகளின் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று வருத்தப்பட்டது. எண்பது தொண்ணூறு வருடம் கழித்தும் அந்தப் பிடி தளரவில்லை. எங்கள் காரிடாரில் நடந்து பார்த்தாலே தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990இல். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே வருடம்தான். நாகர்கோவிலிலிருந்து மேற்கே பஸ்ஸில் போனால் தக்கலை தாண்டியதும் 'சார்' மெல்ல 'சாறே' ஆகிவிடும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம் கலந்து பேசுவார்கள். 1956 நவம்பர் 1இல் எல்லை போட்டார்கள். நாக்குக்குப் போட முடியவில்லை.

எனக்கு வெள்ளிக்கிழமை முதல் மணி, தாவரவியல் இரண்டாமாண்டு. மூன்றாவது பெஞ்சில் ஒருவன். வந்தால் தூங்குவான், பாதி நாள் வரவே மாட்டான். ஐங்குறுநூறு நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து, "சாறே, இதப் படிச்சா ரப்பருக்கு வெல கூடுமா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு முப்பது வயது, ரத்தம் சூடு. வெளியே போகச் சொன்னேன். செமஸ்டர் முடிவில் 75 சதவீதம் வருகை இல்லாதவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தாவரவியல்துறைப் பேராசிரியர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். வயதில் என்னைவிட இருபது மூத்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஆனால் ஸ்டாஃப் ரூமில் மதம் பேசி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. "சாறே, அந்தப் பயலுக்கக் கைய என்னைக்காவது பாத்திருக்கியளா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், போய்விட்டார்.

மறுநாள் பார்த்தேன். நகக்கண் முழுக்கக் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் போனால் ஒரு புளித்த நாற்றம். ரப்பர்ப் பால். விடியற்காலை மூன்றரைக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். முன்னூறு மரத்துக்கு மேல் பட்டை சீவ வேண்டும். சீவி முடித்துவிட்டுத் திரும்ப முதல் மரத்திலிருந்து சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் விட்டு ஷீட் அடிக்க வேண்டும். அதற்குள் மணி ஒன்பது தாண்டிவிடும். அப்பா மரத்திலிருந்து விழுந்து படுக்கையில். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, அன்றைக்குக் கல்லூரிக்கு வருவான். மழை நாளில் மட்டும் என் வகுப்பில் ஆள் கூடுதலாக இருந்ததை நான் கவனித்திருக்கிறேன், காரணத்தை யோசித்ததில்லை.

தாவரவியல்காரரிடம் போனேன். பொய் வருகை போடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கள்ளம் எழுதண்டாம். நான் பிராக்டிகல சாயங்காலம் வச்சுட்டேன். ஒங்க மணியயும் நாலு மணிக்கு மேல வைக்கப்படாதா?" என்றார். முதல்வரிடம் பேசிச் சிறப்பு வகுப்பு என்று அனுமதி வாங்கியதும் அவர்தான். அந்த செமஸ்டர் பரீட்சை அவனுக்குப் போனது போனதுதான். என் கையெழுத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. அடுத்த செமஸ்டரிலிருந்து நாலேகாலுக்கு வகுப்பு.

ஏழு பேர் வந்தார்கள். பால்வெட்டுக்காரர்கள் நாலு பேர், பேப்பர் போடுகிறவன் ஒருவன், விடியலில் அம்மாவோடு தேங்காப்பட்டணத்திலிருந்து மீன்கூடை இறக்கிவிட்டு வரும் ஒரு பெண், பஸ் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒருவன். என் முப்பது வருடத்தில் அதைவிட நல்ல வகுப்பு வாய்க்கவில்லை.

ஒரு நாள் கபிலர் பாட்டு. கல்யாணம் ஆகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அங்கே தண்ணீர்கூடச் சரியில்லையாமே, எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் இலை மூடிக் கிடக்கும் கிணற்றின் அடியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர் இனிது என்கிறாள் இவள்.

"எந்தப் பால் சாறே?" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் அவனே சொன்னான். தோட்டத்தில் ஒரு ஊற்று இருக்கிறதாம். தை, மாசியில் ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து அதை மூடிவிடும். கையால் ஒதுக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். ஒதுக்கினால் அடி கலங்கும். கலங்கினது தெளியக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். "அவளுக்கு அந்தக் காத்திருப்புதான் இனிச்சிருக்கும், தண்ணி இல்ல" என்றான். எந்த உரையிலும் நான் இதைப் படித்ததில்லை. மீன்கார அம்மாவின் மகள், "போடே, அவ மாப்பிள்ள ஊர விட்டுக்குடுக்காம பேசுதா, அவ்வளவுதான்" என்றாள். அரை மணி நேரம் சண்டை. இருட்டிவிட்டது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஐங்குறுநூற்றின் ஐந்நூறு பாடல்களைத் தொகுக்கச் செய்தவன் ஒரு சேர அரசன். மலைநாட்டுக்காரன் ஆதரவில் சேர்ந்த பாட்டை, மலைநாட்டின் ஓரத்தில், ரப்பர்ப் பால் ஒட்டிய விரல் வரி வரியாகத் தடவிப் படித்தது. ரப்பருக்கு விலை கூடுமா என்ற பழைய கேள்விக்கும் அன்றைக்கு அவனிடம் பதில் சொன்னேன். "கூடாது மக்கா." "அது எனக்குத் தெரியும் சாறே" என்றான்.

கிறிஸ்தவ விழுமியம் என்று தாளில் எழுதியிருந்ததை எங்கே பார்த்தேன் என்று கேட்டால், அந்த நாலேகால் மணியைத்தான் காட்டுவேன். ஸ்கிரிப்சர் வகுப்பில் பார்க்கவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள் அங்கே போகும்போது மற்றவர்களுக்கு நீதிபோதனை, அது என் தலையில். பாடத்திட்டம் கிடையாது, கதை சொல்லுவேன், பையன்கள் கடைசி பெஞ்சில் புள்ளி வைத்து விளையாடுவார்கள். பின்னால் அது மதிப்புக் கல்வி என்று தேர்வோடு வந்தது. 'நேர்மை பற்றிக் குறிப்பு வரைக' என்ற கேள்விக்கு பிட் வைத்து எழுதிய ஒருவனை நானே பிடித்திருக்கிறேன். என்ன செய்வது, சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை வாங்கினேன்.

தாளில் இருந்ததற்கு நேர் எதிரானவற்றையும் அதே கட்டிடத்தில் பார்த்தேன். சபைத் தேர்தல் வந்தால் ஸ்டாஃப் ரூமில் டீ பிளாஸ்க் இரண்டாகிவிடும். இந்த வேலைக்கு வர என்ன கொடுத்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். சேர்க்கை குறைந்தது என்று வரலாற்றுப் பிரிவை மூடலாமா என்று ஒரு கூட்டம் நடந்தது. அடிமைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர்களின் வாரிசுகள், அந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்கும் பாடத்துக்கு வருமானம் இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். என் பங்குக்கு எதுவும் பேசவில்லை.

தாவரவியல்காரர் ஓய்வு பெற்ற அன்று வாழ்த்துமடல் எழுதியது நான்தான். 'அவர் செய்த ஊழியம்' என்று ஒரு வரி வைத்திருந்தேன். படித்துவிட்டு அடித்தார். "நான் கிளாஸ் எடுத்தேன் சாறே, சம்பளம் வாங்கினேன். அதுக்க பேரு ஊழியமா?" என்றார்.

பலகைக்கு லிபரல் ஆர்ட்ஸ் என்ற இடத்தில் 'விடுதலைக்கான கல்வி' என்று எழுதிக் கொடுத்தேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கட்சி போஸ்டர் மாதிரி இருக்கு சார்" என்றார். அதை அடித்துவிட்டு 'கலை அறிவியல் கல்வி' என்று போட்டார். ஊழியம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர். புள்ளியும் ஒரு எழுத்துக் கணக்கா என்று ஆபீஸ் சூப்பிரண்டோடு வாதாடிக்கொண்டே எழுதி முடித்தார். குழு வருவதற்கு முந்தின சாயங்காலம் பார்க்கிறேன், பளபளவென்று 'ஊளியம்' என்று நிற்கிறது. பெயிண்டர் கிளம்பிப் போயிருந்தார். காலையில் குழு வந்தது, வடக்கேயிருந்து வந்தவர்கள், பலகை முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்த நாள் யாரோ நீலப் பெயிண்டில் 'ளி'யை மறைத்து அதன்மேல் 'ழி' எழுதியிருந்தார்கள். கால் வளைவு கொஞ்சம் கோணல். தமிழ்த்துறையில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.