பதக்கம் வாங்கிய கால், சொல்லிக்கொடுக்கும் வாய்

போட்டியை விட்டு விலகிய ஃபிகர் ஸ்கேட்டர் ஒருவர் பயிற்சியாளராக முதல் நாள் பனியில் இறங்கும்போது, எதிரே நிற்பது மூன்று சுற்றுத் தாவலைச் சரிசெய்துகொள்ள வந்த பதினைந்து வயதுப் பிள்ளையாக இருப்பது அபூர்வம். ஹெல்மெட்டும் தடித்த கையுறையும் மாட்டிய நாலைந்து வயதுக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அமெரிக்க ரிங்குகளில் இந்த மழலை வகுப்புக்கு ‘ஸ்னோபிளவ் சாம்’ என்று பெயர். அடுத்தது பேசிக் 1 முதல் 6 வரை. முதல் பாடமே விழுந்தால் எப்படி எழுவது என்பதுதான். நாலுகாலில் திரும்ப வேண்டும். ஒரு பாதத்தை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து ஊன்ற வேண்டும். அந்த முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தி, மற்ற பாதத்தைக் கொண்டுவர வேண்டும். உள்ளங்கையைப் பனியில் விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. பக்கத்தில் போகிறவரின் பிளேடு விரல்மேல் ஏறிவிடும்.

உலகப் போட்டிவரை போய்வந்தவர்களில் பலருக்கு இந்த வகுப்பு கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. முதல் இரண்டு வருடமாவது இதை விடவே கூடாது என்பேன். எழுந்து நிற்பது எப்படி என்று கடைசியாக யோசித்தது எப்போது என்று எந்தச் சாம்பியனைக் கேட்டாலும் பதில் வராது. எட்டு வயதில் படிந்தது அது. ஆக்சல் என்கிற தாவலும் அப்படித்தான். பதினைந்து வருடம் திரும்பத் திரும்பத் தாவிய உடம்பு அதை எப்படிச் செய்கிறது என்று கவனிப்பதை நிறுத்திவிட்டது. அதனால்தான் புதிதாக வந்த பயிற்சியாளர்கள் பலர் “இன்னும் இறுக்கு”, “பயப்படாமல் குதி” என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். தங்கள் உடம்பு உணர்வதைத்தான் சொல்கிறார்கள்; அந்த உணர்வு பிள்ளையின் உடம்பில் இன்னும் வரவில்லை.

ஒற்றை ஆக்சலையே எடுத்துக்கொள்வோம். ஆறு வகைத் தாவல்களில் முன்னோக்கிப் போகும்போதே எழும்புவது இது ஒன்றுதான். இடஞ்சுழியாகச் சுற்றுகிறவர் இடது காலின் வெளி எட்ஜில், அதாவது பிளேடின் வெளி விளிம்பில், எழும்பி, காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி, வலது காலின் வெளி எட்ஜில் பின்னோக்கி இறங்குவார். பிள்ளை விழுகிறது. புதுப் பயிற்சியாளர் இறங்கும் காலைப் பார்த்து, “முழங்காலை மடக்கு” என்கிறார். தவறு நடந்தது அங்கே இல்லை. எழும்புவதற்கு முன்பே வலது தோள் இடப்பக்கம் சுற்றி வந்துவிட்டது. அதனால் எட்ஜ் வளைந்து சறுக்கியது, உயரம் போயிற்று. இது ஒரு வகை.

இன்னொரு வகை இதைவிடக் கண்ணுக்குத் தப்பும். உயரம் இருக்கும், தோள் நேராக இருக்கும், ஆனாலும் பிள்ளை இரண்டு காலிலும் வந்து விழும். காற்றில் இருக்கும்போது உடம்பின் எடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறவில்லை என்று அர்த்தம். இதைக் காற்றில் திருத்தவே முடியாது. வலது காலில் பேக் ஸ்பின், அதாவது பின்னோக்கிய எட்ஜில் நின்ற இடத்திலேயே சுற்றுவது, போடச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது சுற்றிலேயே தள்ளாடும். ஐந்தாறு சுற்று அசையாமல் நிற்கிறவரை ஆக்சலை ஒத்திவைக்க வேண்டும். வால்ட்ஸ் ஜம்ப் என்ற அரைச் சுற்றுத் தாவலைத் தாவி நேராக பேக் ஸ்பின்னுக்குள் இறங்குவது, வால்ட்ஸ் ஜம்ப்போடு லூப் என்ற இன்னொரு தாவலைச் சேர்ப்பது, தரையில் கேன்வாஸ் ஷூவோடு அதே எடை மாற்றத்தைப் பத்து தடவை செய்வது: மருந்து இவ்வளவுதான். ஒரு வாரத்தில் வராது. சில பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்தப் பொறுமை பெற்றோருக்கு இருக்காது; பயிற்சியாளருக்கு இருந்தாக வேண்டும்.

தனி வகுப்பு பெரும்பாலும் இருபது நிமிடம் அல்லது அரை மணி. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரே ஒரு திருத்தம் என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் பதினைந்து தடவையாவது தாவ முடியும். முட்டியும் தோளும் கையும் தலையும் என்று நாலைந்து விஷயத்தை ஒன்றாகச் சொன்னால் பிள்ளை எதையும் செய்யாது, நின்று கேட்டுக்கொண்டிருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பனியை மைனஸ் மூன்று, நான்கு டிகிரியில் வைத்திருப்பார்கள். அங்கே மூன்று நிமிடம் சும்மா நின்ற தொடை அடுத்த தாவலுக்குச் சொன்னபடி கேட்காது.

செய்துகாட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அண்மையில் ஓய்வு பெற்றவரால் அழகான இரட்டைத் தாவலை இன்னும் போட்டுக்காட்ட முடியும். பிள்ளை வாய் பிளந்து பார்க்கும். எங்கே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. எழும்புவதற்கு முந்திய கட்டத்தை மட்டும் பாதி வேகத்தில் காட்டி, அங்கேயே நிறுத்துவது அதிகப் பயன் தரும். வலஞ்சுழியாகச் சுற்றும் பிள்ளை வகுப்புக்கு வந்தால் இன்னும் சங்கடம், எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக் காட்ட வேண்டும். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிற ஒவ்வொருவரும் தன் பழக்கத்துக்கு எதிர்த் திசையில் வால்ட்ஸ் ஜம்ப்பும் சால்கோ என்ற ஒற்றைச் சுற்றுத் தாவலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. அப்போதுதான் கால் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறுவது என்னவென்று மறுபடி புரியும். வாயில் சரியான சொற்கள் வருவதும் அப்போதுதான்.

தாவும் பிள்ளையைக் கயிற்றால் தாங்கிப் பிடிக்கும் பட்டையான ஹார்னஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையில் கம்பி, கப்பி வைத்துத் தொங்கவிடுவது ஒரு வகை. தூண்டில்போல நீண்ட கழியைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சியாளரும் கூடவே சறுக்கிப் போவது இன்னொரு வகை. பிள்ளையின் பிளேடு பனியை விட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிள்ளை தானாக எழும்பாமல் கயிற்றை நம்பித் தொங்கப் பழகிவிடும். ஹார்னஸில் அற்புதமாக வரும் தாவல் அதைக் கழற்றியதும் காணாமல் போவது இதனால்தான். நாள் முழுக்கக் கழியைப் பிடித்தால் பயிற்சியாளரின் தோளும் கீழ்முதுகும் கெடும். போட்டிக் காலத்தின் பழைய காயங்கள் மறுபடி தலைதூக்குவதும் இந்த வேலையில்தான்.

சொல்லிக்கொடுக்கும் திறமை பதக்கத்திலிருந்து வருவதில்லை, இன்னொரு ஆசிரியரைப் பக்கத்திலிருந்து பார்த்ததிலிருந்து வருகிறது என்று நான் நம்புவதற்கு வரலாறே காரணம். மாரிபெல் வின்சன் ஓவன் அமெரிக்கப் பெண்கள் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர், 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். 1956-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற டென்லி ஆல்பிரைட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 1961 பிப்ரவரி 15 அன்று, பிராக் நகரில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குப் போகும் வழியில், பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்து அமெரிக்க அணியின் 18 ஸ்கேட்டர்களும் இறந்தார்கள். ஓவனின் இரண்டு மகள்களும் அந்த 18 பேரில் அடக்கம். அவர்களோடு ஓவனும், வேறு பயிற்சியாளர்களும் போனார்கள். ஒரு நாட்டின் ஆசிரியர் தலைமுறையில் ஒரு பெரும் பகுதி ஒரே காலையில் இல்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஐரோப்பாவிலிருந்து ஓய்வு பெற்ற போட்டியாளர்கள் வந்தார்கள். 1953, 1954 ஐரோப்பியச் சாம்பியனான இத்தாலியர் கார்லோ ஃபாஸி கொலராடோவுக்கு வந்தார். பிறகு பெக்கி ஃப்ளெமிங், டோரதி ஹாமில், ஜான் கரி, ராபின் கசின்ஸ் என நால்வரை ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொண்டுபோனார். தங்கையோடு ஜோடியாக 1953 உலகப் பட்டம் வென்ற பிரிட்டன்காரர் ஜான் நிக்ஸ் கலிஃபோர்னியாவில் நிலைத்தார். ஓவனிடம் கற்ற ஃபிராங்க் கரோல், போட்டியாளராக உலகப் பதக்கம் எதுவும் வென்றவர் அல்ல. ஆனால் மிஷெல் குவானை வளர்த்தார். 2010-ல் இவான் லைசாசெக் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது ரிங்கின் ஓரம் நின்றிருந்தவர் அவர். ஓவனின் கண்டிப்பு மாணவர் வழியே அடுத்தடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது.

பிரையன் ஆர்சர் கதை வேறு மாதிரி. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளி. இரண்டாவது, சொந்த நாடான கனடாவில், கால்கரியில். அதன்பிறகு பல வருடம் ஐஸ் ஷோக்களில் ஆடிவிட்டுத்தான் டொராண்டோ கிரிக்கெட் கிளப்பில் பயிற்சியாளரானார். தென்கொரியாவின் கிம் யூனா 2010 வான்கூவரில் 228.56 புள்ளிகளோடு தங்கம் வென்றபோது பயிற்சியாளர் இவர். பிறகு இவரிடம் பயின்ற ஜப்பானின் ஹன்யூ யுசுரு 2014-லும் 2018-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கிளப்பின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் ஆர்சரைத்தான் சொல்கிறார்கள். 1988-ல் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வென்ற டிரேசி வில்சனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும், உலகச் சாம்பியனும், வில்சனின் ஸ்ட்ரோக்கிங் (உந்திச் சறுக்கும் பயிற்சி) வகுப்பில் வரிசையில் சறுக்கினார்கள். தாவலுக்கு முந்திய வேகமும் எட்ஜும் அந்த வகுப்பில் வருகிறவை. தாவல் தெரிந்தவர், சறுக்கல் தெரிந்தவரோடு சேர்வதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே சொல்லிக்கொடுக்கும் காலம் போய்விட்டது.

பிறகு கணக்கு. ஆடும்போது ஸ்கேட்டர் தன்னுடைய தாவலைத்தான் யோசிப்பார். பயிற்சியாளர் காகிதத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். டோ லூப் என்ற தாவலை நான்கு சுற்றில் போட்டால் அடிப்படை மதிப்பு 9.5. மூன்று சுற்றுக்கு 4.2. 2018 முதல் நடுவர்கள் தரும் தர மதிப்பு −5 முதல் +5 வரை, ஒவ்வொரு படியும் அடிப்படையில் பத்து சதவீதம். முழுதாகச் சுற்றி விழுந்தால் −5, அதாவது பாதி போய் 4.75, விழுந்ததற்கு ஒரு புள்ளி கழிய 3.75. பத்தில் ஒரு தடவை நின்றால்கூட சராசரி 4.3-ஐத் தாண்டும், பத்திரமான மூன்று சுற்றைவிடக் கூடுதல். ஆனால் அரைச் சுற்று குறைந்து விழுந்தால் அது மூன்று சுற்றாகவே கணக்காகி, கையில் மிஞ்சுவது 1.1. அப்போது பத்துக்கு நாலு தடவையாவது சரியாக வந்தால்தான் வைக்கலாம். ஆகவே வீடியோவில் முதலில் பார்க்க வேண்டியது, இறங்கிய பிளேடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. நின்றதா விழுந்ததா என்பது அதற்கப்புறம். விழுந்த ஆட்டத்துக்குக் கலைப் புள்ளிகளும் குறையும். வளரும் பிள்ளையின் இடுப்பும் கணுக்காலும் எத்தனை விழுகை தாங்கும் என்ற கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை நினைவில் வைப்பது பயிற்சியாளரின் பொறுப்பு.

பணம், விதிகள் பற்றிச் சுருக்கமாக. ஒரு காலத்தில் பாடம் சொல்லிக் காசு வாங்கினால் தொழில்முறையாளர் ஆகிவிடுவார்கள், ஒலிம்பிக் வாசல் மூடிவிடும். இப்போது அந்தத் தடை இல்லை. அதனால் கடைசிப் போட்டி வருடங்களிலேயே உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கிவிடுவது நல்லது. அமெரிக்காவில் 1938-ல் தொடங்கிய தொழில்முறை ஸ்கேட்டர் சங்கம் தேர்வு வைத்துப் படிநிலைச் சான்றிதழ் தருகிறது. சங்கத்தின் நெறிமுறைப்படி இன்னொருவரின் மாணவரை ஆசை காட்டி இழுக்கக் கூடாது. மாணவர் தானாக வந்தாலும் பழைய பயிற்சியாளருக்குச் சொல்லி, பாக்கியைத் தீர்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ரிங்கை மூடினால் வருமானமும் நின்றுவிடும். பனிக்கான கட்டணம் வேறு, பாடத்துக்கான கட்டணம் வேறு, போட்டிக்குக் கூட வருவதற்கான செலவு வேறு என்று முதல் நாளே பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்காவிட்டால் மூன்றாவது மாதம் சண்டை வரும்.

பின்னணிச் சோதனை, காப்பீடு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி மூன்றும் இல்லாமல் பனியில் இறங்கக் கூடாது. பிள்ளையோடு தனியாக இருக்கும் நேரம் எதுவும் மற்றவர் பார்வையில் படும்படி, யாரும் குறுக்கே வரும்படி இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் பெற்றோருக்கும் அதே செய்தி போக வேண்டும். இந்த விளையாட்டில் பிள்ளைகள் பட்டது கொஞ்சமல்ல. “எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை” என்கிறவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பார்க்கட்டும்.

போட்டி நாளில், ஆடுவதற்கு முன் ஆறு பேர் ஒன்றாக இறங்கும் ஆறு நிமிட வார்ம் அப்பைப் பயிற்சியாளர் திட்டமிட வேண்டும். முதல் நிமிடம் சறுக்கிப் பனியைப் பழகுவதற்கு. அடுத்து எளிய தாவல்கள், பிறகு கடினமானது இரண்டு, மூன்று தடவை. அது வராவிட்டால் நாலாவது தடவைக்கு அனுப்பக் கூடாது. நன்றாக வரும் ஒன்றைத் தாவவைத்து முடிக்க வேண்டும். முதலில் ஆடுகிறவர் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். ஆறாவதாக ஆடுகிறவருக்கு அரை மணிக்கு மேல் காத்திருப்பு. பூட்டின் கயிற்றைத் தளர்த்தி, பின்கூடத்தில் நடக்கவைத்து, முறை வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி கட்டச் சொல்ல வேண்டும்.

பெயர் அழைத்தபின் ஆட்டம் தொடங்கும் இடத்தில் போய் நிற்க 30 விநாடிதான். தடுப்பின் இந்தப் பக்கம் பயிற்சியாளர், அந்தப் பக்கம் பிள்ளை. தண்ணீர் பாட்டிலையும் டிஷ்யூவையும் வாங்கிக்கொண்டு, பயிற்சியில் அத்தனை மாதம் சொன்ன அதே ஒற்றைச் சொல்லை, “தோள்” என்றால் “தோள்” என்று மட்டும், சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும்.