மூலமும் விளைவும் ஒரே பெட்டிக்குள்

04.03.2025, கோலாலம்பூர்

லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கான கையேட்டில் கட்டளை இடப்பக்கம், அதன் விளைவு வலப்பக்கம் என்று காட்ட, ஒரே வரியை இருமுறை தட்டச்சு செய்யவே கூடாது. ஒன்றைத் திருத்துவோம், மற்றது பழையபடி நிற்கும். மாட்டிக்கொள்வது படிக்கிற மாணவர். டிசிகலர்பாக்ஸ் தொகுப்பிலுள்ள டிசிபிலிஸ்டிங் சூழல், உள்ளே இருப்பதைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதையே இருமுறை வாசிக்கிறது: அப்படியே அச்சிட ஒருமுறை, இயக்கிப் பார்க்க ஒருமுறை. 'லிஸ்டிங் சைடு டெக்ஸ்ட்' என்று கொடுத்தால் இரண்டும் அருகருகே வரும். திரைக்காட்சி தயாரிக்கும் பீமரில், ஃப்ரேமுக்கு (ஒரு காட்சிப் பக்கத்துக்கு) 'ஃப்ராஜைல்' என்ற விருப்பத்தைப் போட மறக்கக் கூடாது.

06.03.2025

அகலக் கணக்கு. ஏ4 தாளில் இருபுறமும் 25 மி.மீ. விட்டால் மீதி 160. பெட்டியின் கோடும் உள்விளிம்பும் பக்கத்துக்கு 5.5, நடு இடைவெளி 10. மிஞ்சுவது 139 மி.மீ. சரிபாதியாகப் பிரித்தால் எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள லத்தீன் மாடர்ன் மோனோ எழுத்துருவில், 10 புள்ளி அளவில், வரிக்கு 37 எழுத்துதான். இடப்பாதியின் பங்கான 'லெஃப்ட்ஹேண்ட் ரேஷியோ' 0.6 என்றால் 45 கிடைக்கும்; கையேட்டுக்கு இதுவே வசதி. இரு பாதிகளும் இயல்பாக, மேல்-கீழாகப் பார்த்தால், நடுவில் ஒழுங்காகும். 'சைடுபைசைடு அலைன்' மதிப்பை 'டாப்' ஆக்கினால்தான் முதல் வரிகள் நேருக்கு நேர் நிற்கும்.

10.03.2025

தமிழ் வந்ததும் சிக்கல் இடப்பாதியில்தான். லத்தீன் மாடர்ன் மோனோவில் தமிழ் எழுத்தே இல்லை. அந்த இடம் வெறுமையாகும், எச்சரிக்கையோடு வேலை முடிந்துவிடும். விடுபட்ட எழுத்தைக் கண்காணிக்கும் 'டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ்' அமைப்பை 3 என்று வைத்தால் பிழையாகவே காட்டும். லாடெக்கின் யூனிகோட் வடிவமான லுவாலாடெக்கில், அந்த எழுத்துருவில் இல்லாத எழுத்துகளுக்கு மாற்றாக நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்ப்பது நல்லது, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் முறையில், எழுத்து வகை தமிழ் என்று குறித்து. வகையைக் குறிக்காவிட்டால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும்.

மூலவரிகளை அச்சிடும் லிஸ்டிங்ஸ் தொகுப்பு தமிழுக்கு ஒத்துவராது. எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டங்களில் அடுக்குவதால் உயிர்மெய் சிதையும். அதற்குப் பதிலாக, பிக்மென்ட்ஸ் என்ற பைதான் நிரலால் மூலத்துக்கு நிறமிடும் மின்டெட்டை, டிசிகலர்பாக்ஸின் நூலகமாக அழைத்தால் சொல் முழுதாக நிற்கும். பைதான் வேண்டும், பழைய மின்டெட் என்றால் தொகுக்கும்போது வெளி நிரலை இயக்கவிடும் 'ஷெல் எஸ்கேப்' அனுமதியும் வேண்டும். வரியை எங்கு வேண்டுமானாலும் முறிக்கும் 'பிரேக்எனிவேர்' வேண்டாம், சொல்லை நடுவில் வெட்டும்.

13.03.2025

பிரிக்பீல்ட்ஸ் போட்டோஸ்டாட் கடையில் நகல் கருப்பு-வெள்ளையாகத்தான் எடுக்கப்போகிறோம் என்றால், வெளிர் நிறங்கள் மங்கிவிடும். பிக்மென்ட்ஸின் 'பிடபிள்யூ' பாணி நிறத்தை விட்டுத் தடித்த எழுத்தால் வேறுபடுத்துகிறது.

அருகருகே வைத்த பெட்டி அடுத்த பக்கத்துக்கு முறியாது. பக்கத்தை மீறி வழியும். நீளமான எடுத்துக்காட்டுக்கு மட்டும் 'லிஸ்டிங் அண்ட் டெக்ஸ்ட்', கூடவே பெட்டியை முறியவிடும் 'பிரேக்கபிள்'. மேலே மூலம், கீழே விளைவு.