ஆசிட் பாட்டிலும் பதிவேடும்

2012 நவம்பர் 14 அன்று, தீபாவளி முடிந்து சென்னைக்கு வேலைக்குத் திரும்புவதற்காகக் காரைக்காலில் தந்தையோடு பேருந்து ஏறப் புறப்பட்ட வினோதினியின் முகத்தில், அவர் மணக்க மறுத்த ஒருவன் ஆசிட்டை வீசினான். இரு கண்களையும் இழந்து மூன்று மாதம் போராடிய அந்த 23 வயதுப் பொறியாளர், 2013 பிப்ரவரி 12 அன்று இறந்தார். அந்த நாட்களின் செய்தித்தாள் படங்கள் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அதே ஆண்டு ஜூலை 18 அன்று, டெல்லியில் தாக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில், ஆசிட் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் வாங்கும் காரணத்தையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால், சென்ற மாதம் எங்கள் பகுதிக் கடையொன்றில், கழிவறை கழுவுவதற்கென்று ஓர் இளைஞர் கேட்டதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஆசிட் பாட்டில் கைமாறியதைப் பார்த்தேன். பதிவேடு எங்கே என்று கேட்டபோது, அப்படியொன்று இருப்பதே தெரியாது என்றார் கடைக்காரர். வங்கதேசத்தில் 2002இல் ஏறத்தாழ 500 பேர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு வந்த இரு சட்டங்களுக்குப் பின் அந்த எண்ணிக்கை படிப்படியாக நூறுக்கும் கீழே இறங்கியது. அங்கு மரண தண்டனையும் உண்டு என்றாலும், விற்பனைக்கு உரிமம் கட்டாயமானதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

தாக்குதல் நடந்த இடத்தில் இருப்பவர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆசிட் பட்ட துணியையும் நகையையும் அகற்றி, குறைந்தது இருபது நிமிடம் ஓடும் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும். மையோ, பற்பசையோ, எண்ணெயோ தடவவே கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை.

சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. தழும்பு ஆறும்போது தோல் சுருங்கி இழுப்பதால், கழுத்தைத் திருப்ப முடியாமலும் இமைகள் மூடாமலும் போகின்றன. மூடாத இமைக்குள் கருவிழி உலர்ந்து, எஞ்சிய பார்வையும் போகக்கூடும் என்பதால் அறுவை சிகிச்சைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. இத்தனையும் கடந்து வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்ற ஒருவரிடம், உயிருள்ளவர்தான் என்று காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரும் பிறரும் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வங்கியில் பணிபுரியும் நண்பர்கள் தங்கள் கிளையில் அந்த மாற்று வழி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்குமாறு வேண்டுகிறேன். பதிவேடு பற்றி அச்சிட்ட தாளோடு நான் மீண்டும் அந்தக் கடைக்குச் செல்கிறேன்.